கிளட்ச் இல்லாத கார்

துபாய் மாலில் பழைய அமெரிக்கக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றின் அடியிலிருந்து கருகிய கியர் ஆயில் வாடை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தேன். முசஃபா தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த கராஜ் முழுக்க இதே வாடைதான். அதை இடித்துவிட்டார்கள், ஒழிந்தது சனியன்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டூட்டி இருக்கும் வெள்ளிக்கிழமைகளில் அப்பா என்னை அங்கே கூட்டிப் போவார். தகரக் கூரை அனலைக் கொட்ட, ஆயில் ஊறிய மணலில் செருப்பு ஒட்ட, அவருக்கு விசா கொடுத்த கஃபீலின் ஆட்டோமேட்டிக் காரை அவர் ஓட்டிப் பார்க்கும்போது நான் முன்சீட்டில் இருப்பேன். நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பழகிய அவருடைய இடது கால், அந்தக் காரில் இல்லாத கிளட்சைத் தேடிப்போய் அகலமான பிரேக்கை மிதிக்கும். நான் டேஷ்போர்டில் போய் முட்டுவேன். போகும்போதெல்லாம் இதே கதைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் உதடு கிழிந்தது.

"வாய மூடிக்க பாப்பா, சீட்ல ரத்தம் பட்டா கஃபீல் கத்துவாரு" என்றார் அப்பா. துணியை எடுத்து டேஷ்போர்டைத் துடைத்தார், சீட்டைத் துடைத்தார், கியர் குமிழைக்கூடத் துடைத்தார். அதன்பிறகுதான் அந்தத் துணியை என்னிடம் நீட்டினார்.