பெயர் எழுதாத சுவிட்ச்

எண்பதுகளின் நடுவில் மலேசியாவில், புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். மரத்துப் பால் உறைந்து கட்டியான கட்டிப்பாலை அரைத்துத் தள்ளுவண்டிகளில் ஏற்றி, நீளமான அடுப்புக்குள் அனுப்பி உலர்த்துவார்கள். ஒரு வண்டி எத்தனை நிமிடம் உள்ளே நிற்க வேண்டும் என்பதை ஒரு சின்ன மின்பலகை முடிவு செய்தது. அதற்குப் புரோகிராம் எழுதியவர் எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். நெஞ்சுவலியில் திடீரென்று இறந்துபோனார். அவருடைய மனைவி அதே ஆலையில், உலர்ந்த ரப்பர் கட்டிகளை வெட்டிப் பார்க்கும் வேலையில் இருந்தார்; நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டியை ஒதுக்கிவிடுவார்கள்.

இறந்தவர் விட்டுப்போனது ஒரு கட்டுத் தாள் மட்டும்தான். வரிக்கு வரி எண்கள். விளக்கம் என்று ஒன்றும் கிடையாது. பினாங்கில் படித்துவிட்டு வந்த மிதப்பில் எனக்கு எல்லாமே இளக்காரமாகத் தெரிந்தது. மின்பலகைப் பெட்டியில் பெயர் எழுதாத ஒரு சுவிட்ச் இருந்தது. அதைப் போட்டால் ஒவ்வொரு வண்டியும் எட்டு நிமிடம் கூடுதலாக நிற்கும். தாளில் அதற்கான வரிகளுக்கு எதிரே பென்சிலில், "பூசம் கழித்து மூன்று நாள்" என்று எழுதியிருந்தார். மாதா கோயிலுக்குப் போகிற மனுஷனுக்குத் தைப்பூசக் கணக்கு எதற்கு? சுங்கைப் பட்டாணிக்குக் காவடி பார்க்கப் போக லீவு குறித்திருக்கிறார் என்று சிரித்தேன். அந்த வரிகளைத் தூக்கிவிட்டுச் சிப்பில் புதிதாக ஏற்றினேன். சுவிட்சையும் கழற்றி, ஓட்டையைத் தகரத்தால் மூடினேன்.

தைப்பூசம் வந்து போனது. அதன் பிறகு வெட்டிய கட்டியெல்லாம் உள்ளே வெள்ளை வெள்ளையாக இருந்தது. மேனேஜர் என்னை வெட்டும் மேசைக்கே கூப்பிட்டார். அக்கா கத்தியோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன தம்பி இது?" என்றார் மேனேஜர்.

"செத்துப் போனவரக் குறை சொல்லக் கூடாது சார். ஆனா அவரு எழுதுன புரோகிராம்லதான் கோளாறு."

வாய் கூசாமல் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கட்டியை எடுத்தார்.

அன்று மத்தியானம் தாளை மறுபடி விரித்தபோதுதான் அந்தப் பென்சில் வரி உறைத்தது. பூசத்துக்குத் தோட்டத்தில் யாரும் பால் மரம் சீவப் போக மாட்டார்கள். சில நாள் ஓய்ந்த மரத்தைச் சீவினால் பால் கொட்டும். கட்டிப்பாலும் பருமனாக, ஈரம் மிகுந்து வரும். அதற்குத்தான் அந்த எட்டு நிமிடம். அடுத்தவர் திருநாளைக்கூட யோசித்து எழுதியிருக்கிறார் அந்த மனுஷன்.

வரிகளைத் திரும்பப் போட்டேன். சுவிட்சையும் ஓசைப்படாமல் மாட்டிப் போட்டுவிட்டேன். மறுநாள் கட்டிகள் சுத்தமாக வந்தன. "பழைய ஆள் விட்ட தப்ப ஒரே நாள்ல புடிச்சிட்டீங்களே!" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். "இல்லை சார், தப்பு என்னுடையது" என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். பயம் மட்டும் இல்லை, முதுகில் விழுந்த அந்தத் தட்டு எனக்குப் பிடித்திருந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அவரு எதையும் நாலு தடவ பாத்துத்தான் செய்வாரு தம்பி. எப்படியோ தப்பு நடந்துபோச்சி. மனசுல வச்சிக்காதீங்க. அவர மன்னிச்சிடுங்க."

"பரவால்லக்கா" என்றேன்.

அவரை மன்னித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.