பக்கத்து நிரைக்காரி

புதுச் செருப்பைக் காலில் போடாமல் மடியில் வைத்திருந்தார். இன்று காலை ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் அதைத்தான் முதலில் கவனித்தேன்.

“யாரு மக நீ?” என்று கேட்டார்.

அப்பா பெயரைச் சொன்னேன்.

“அப்ப ராக்காயி மகளா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் அம்மாவின் பெயரை வெளியாள் சொல்லி நான் கேட்டதே இல்லை. என்னைப் பெற்ற சில நாளிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வேறு தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டார். வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

“ஒங்கம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவங்க. அவ போனப்புறம், வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைய விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல எம்மவனுக்கு ஒரு பக்கம், ஒனக்கு ஒரு பக்கம் பால் குடுத்தேன். நேரமாச்சுன்னு கங்காணி சத்தம் போடுவாரு. ரெண்டும் ஒண்ணாத்தான் குடிக்குதுங்க, ஒங்களுக்கு என்னா நட்டமுன்னு கேப்பேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா எப்படி இருப்பார் என்று கேட்க நினைத்தேன். பஸ் நிறைய ஆட்கள். வெட்கமாக இருந்தது. இறங்கியதும் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஹட்டனில் மூட்டைகளோடு அவர் வீட்டார் காத்திருந்தார்கள்.

“எங்கள இந்தியாவுக்கே அனுப்புறாங்க தாயி. இப்ப ரயிலு. இனி எங்க பாக்குறது?”

என் கன்னத்தைத் தடவிவிட்டு அவர்களோடு வேகமாக நடந்தார்.

நான் உயிரோடு இருப்பது அவரால். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி வாய்திறந்து சொல்ல இனி இங்கே யாரும் இல்லை.

சித்தி கொடுத்துவிட்ட போத்தலோடு மண்ணெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனேன்.