பல்லக்காவும் நிற்காத பேருந்தும்

வளைவில் பேருந்து தலைகாட்டியதுமே பல்லக்கா அதைத் திட்டத் தொடங்கிவிடுவார். "வருது பாரு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடி அசைஞ்சு! நம்ம கிட்ட வந்ததும் பறக்கும் பாரு!" பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். தோளில் சாப்பாட்டுப் பை, பிடியில் தங்கையின் வலது கை. இடது கையைத் தொடவே மாட்டார். சிறுநீரகம் பழுதான அவளுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்க ஊசி ஏற்றுவது அந்தக் கையில்தான்.

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவருக்கு வேலை. மெழுகில் பற்களைப் பதித்து, ஈறுக்கு நிறம் கொடுத்து, கரகரவென்று தேய்த்து மெருகேற்றுவார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியிருக்கும். பல் செய்யும் அக்கா, பல்லக்கா ஆனார். "பேருலதான் பல்லக்கு, போறதுக்கு ஒரு வண்டியக் காணோம்" என்று தெருக்காரர்கள் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்கு மட்டும் அவர் கோபப்படுவதில்லை. உண்மைதானே!

வீடு நகரத்தின் ஒரு விளிம்பில் இருக்கிறது. பல் கூடமும் தங்கையின் சிகிச்சை நிலையமும் அதை ஒட்டிய அடுத்த விளிம்பில். மொட்டை மாடியில் ஏறினால் சிகிச்சை நிலையத்தின் நீலக் கூரை தெரியும். நடுவே நெடுஞ்சாலை. அதற்கு மேலே ஒரு நடைமேம்பாலம் உண்டு, ஆனால் அத்தனை படி ஏறத் தங்கையால் முடியாது. முன்பு இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு சிறிய பேருந்து ஓடியது. 'ஆள் ஏறுவதில்லை' என்று அதை நிறுத்திவிட்டார்கள். ஆட்களை எண்ண வந்தவர்கள் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

அதற்குப் பதிலாக ரயில் நிலையத்தில் பளபளவென்று ஒரு விளம்பரம் முளைத்தது. 'உங்கள் பயணம், உங்கள் விருப்பம்.' ரயில், சைக்கிள், ஷேர் வேன், கைப்பேசியில் கூப்பிடும் கார், எல்லாவற்றுக்கும் நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பம். "அத்தனையும் கட்டுன பல்லு" என்று முணுமுணுத்துவிட்டு, பல்லக்கா ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். ரயில் நகரத்துக்குள் போய், அங்கே வேறு ரயிலுக்கு மாறி, வந்த திசைக்கே திரும்பியது. சைக்கிள் பாதை பச்சை வண்ணத்தில் ஜோராகக் கிளம்பி நெடுஞ்சாலைச் சுவரில் முட்டி நின்றது. கார்க்காரர்கள் தூறல் விழுந்தால் போனை எடுப்பதில்லை. மிச்சம் இருந்தது ஷேர் வேன்.

அதில்தான் வந்தது வினை. சிகிச்சை முடிந்து திரும்பும் வழியில் தங்கைக்குக் குமட்டியது. ஓட்டுநர் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, "இறங்கிக்கங்க. நாறிப்போச்சுன்னா வண்டிய யாரு கழுவுறது?" என்றார். உள்ளே இருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரிகள் உரசிச்செல்லும் அந்த ஓரத்தில் தங்கையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு வீடுவரை நடத்தி வந்தார் பல்லக்கா. அவர் திட்டாத நாள் அது ஒன்றுதான்.

மறுநாள் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி வரைபடத்தை விரித்தார். "வழி நிறைய இருக்கேம்மா."

"வழி இருக்கு சார், போகத்தான் முடியல."

"புதுப் பாலம் வருது. அதுவரைக்கும் கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க."

"கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சவங்களுக்குத்தான் சார் நான் பல்லு செய்யிறேன்!" சத்தம் கேட்டு வெளியே இருந்த காவலாளி எட்டிப் பார்த்தார்.

அடுத்த சிகிச்சை நாளன்று காலையில் பழைய நிறுத்தத்தில் தங்கையை உட்கார வைத்தார். கூரையும் பெஞ்சும் இருந்தன, பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அந்தச் சாலையில் வேறூருக்குப் போகும் பெரிய பேருந்து ஒன்று தினமும் பறக்கும். சிகிச்சை நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் அதற்கும் வழி. அது வந்ததும் பல்லக்கா நடுச்சாலையில் இறங்கி நின்றுவிட்டார்.

பிரேக் கிறீச்சிட்டது. ஓட்டுநரின் தலை வெளியே வந்தது. "சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாகக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்."

"இங்க ஸ்டாப் இல்லக்கா!"

"பலகையக் கழட்டிட்டா நாங்க இல்லாமப் போயிடுவோமா?"

"ஆபீசுக்கு நேரமாகுது, ஓரமாப் போங்க!" என்று உள்ளிருந்து ஒரு குரல். தங்கை கூச்சத்தில் குறுகிப்போனாள். "வந்துடுக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இத்தனை நாளா யாரும் பாக்கலைங்கறதுதானே வினை!"

பெஞ்சில் இருந்தவளின் வீங்கிய முகத்தை ஓட்டுநர் அப்போதுதான் கவனித்தார். கதவைத் திறந்தார்.

அதற்காக அந்த ஓட்டுநருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இறக்கிவிட்ட வேன்காரரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும் பல்லக்கா தெருவில் பாதிப் பேரைத் திரட்டிக்கொண்டு பணிமனை வாசலுக்குப் போய், "ஏத்துனதுக்கு நோட்டீசுன்னா, ஏறுன எங்களுக்கும் குடுங்க!" என்று நின்றார். நோட்டீஸ் அப்படியே கிடப்புக்குப் போனது. பலகை இன்றுவரை திரும்பவில்லை. சில ஓட்டுநர்கள் நிறுத்துகிறார்கள், சிலர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போகிறார்கள். யார் எந்த ரகம் என்பது வண்டி கிட்டே வந்தால்தான் தெரியும்.

இந்த வாரம் ஒரு காலை வண்டி நின்றது. தங்கை ஏறி உட்கார்ந்தாள். காத்திருந்தவர்களும் ஏறிவிட்டார்கள். அதே நேரம் நெடுஞ்சாலை நடைமேம்பாலத்தின் படிகளில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். பல்லக்காவுக்கு அவள் யாரென்று தெரியாது. ஓட்டுநர் எஞ்சினை உறுமவிட்டார். "ஏறுக்கா, கிளம்பணும்."

பல்லக்கா ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தார். மற்றதைச் சாலையிலேயே ஊன்றிக்கொண்டார். கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்து, ஓட்டுநரைப் பார்த்து, "இப்ப எடு பாக்கலாம்" என்றார். அந்தப் பெண் மூச்சிரைக்க வந்து, அவர் கைக்கடியில் குனிந்து, குழந்தையோடு உள்ளே நுழையும்வரை சாலையிலிருந்து காலை எடுக்கவில்லை.