பத்தாவது நம்பர்

நான் லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் பதினோரு வருடமாக ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ், சாதிச் சான்று, ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட் என்று எதுவானாலும் கவிதா கடைக்குத்தான் வருவார்கள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து என்னை முறைப்பார்கள், நானும் திரும்ப முறைப்பேன். சாயங்காலம் பஸ் பிடித்து அடிவாரத்தில் இறங்கி வீட்டுக்குப் போவதற்குள் யாரோடாவது ஒரு சண்டை முடிந்திருக்கும். அப்பேர்ப்பட்ட நான் ஒரு மனிதரிடம் வாயடைத்துப் போனேன். அவர் பெயர் முருகேசன். செம்மநத்தம் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் வேலைக்கு வந்த ஆட்களைக் கூப்பிட்டுப் பேர் போடுவதும், யார் எந்தக் காட்டில் களை வெட்டுவது என்று பிரித்து அனுப்புவதும் அவர் வேலை.

மே மாதம் வந்தால் ஏற்காட்டுக்குக் கோடை விழாக் கூட்டம் வரும். என் கடைக்குப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வருவார்கள். காலேஜுக்கு மனுப் போட இங்கே மூன்று வழி உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகள் அத்தனைக்கும் சேர்த்து அரசாங்கம் நடத்தும் தளம் ஒன்று. தனியார் கல்லூரிகள் ஆளுக்கொன்றாக வைத்திருப்பது இன்னொன்று. மூன்றாவது, 'ஒரே படிவம், நூறு கல்லூரி' என்று விளம்பரம் செய்யும் ஒரு கம்பெனியின் தளம்.

எனக்கு அந்த மூன்றாவதுதான் பிடித்தம். பேர், மார்க், ஏதாவது ஒரு போன் நம்பர், அவ்வளவுதான் கேட்கும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அரசாங்கத் தளமோ ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி கேட்கும். போனுக்கு ஓ.டி.பி. அனுப்பும், அதைப் போட்டால்தான் உள்ளேயே விடும். ஒரு பிள்ளைக்குக் கொடுத்த நம்பரை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஏற்காது. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கரை என் கண்ணாடிக் கதவிலேயே ஒட்டி வைத்திருந்தேன்.

முருகேசன் மட்டும் என் பேச்சைக் கேட்கமாட்டார். வருடா வருடம் எஸ்டேட் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். அரசாங்கத் தளத்தில்தான் போட வேண்டும் என்று அடம்பிடிப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புது நம்பர் சொல்வார். ஓ.டி.பி. வந்ததும் பழைய பட்டன் போனைக் கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். இவ்வளவு நம்பர் இவருக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்குச் சந்தேகம். பிள்ளை பிடித்துக் கொடுத்து கமிஷன் வாங்குகிற ஆள் என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அன்பழகனிடம் அப்படிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

போன வருடம் கடைசித் தேதி அன்று மத்தியானம் முருகேசன் வந்தார். கூடவே களை வெட்டும் பாப்பாத்தி, அவள் மகள் மோனிஷா. மோனிஷாவுக்கு அப்பா இல்லை. கணக்கில் நல்ல மார்க். சேலத்தில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள் பாப்பாத்தி. அரசுக் கல்லூரி கிடைத்தால் மட்டும் படிக்க அனுப்புகிறேன் என்று முந்தின நாள் ராத்திரிதான் ஒப்புக்கொண்டிருக்கிறாள். கிடைக்காவிட்டால் ஜூலை ஒன்றாம் தேதி அந்தப் பெண் துணிக்கடையில் நிற்க வேண்டும். தளம் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுகிறது.

சான்றிதழ்களை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டு நம்பர் கேட்டேன். புது சிம் வாங்கி வருகிறேன் என்று முருகேசன் அன்பழகன் கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். பின்னாலேயே அன்பழகனும் வந்தான்.

"ஏனுங்கக்கா, அண்ணன் பேர்ல ஒம்பது நம்பரு ஓடுதுங்க. ஒரு ஆளுக்கு ஒம்பதுக்கு மேல குடுக்க மாட்டாங்க," என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடை நிறைய ஆள் நிற்கிறது, நெட் இழுக்கிறது, இதில் இது வேறு. பேசாமல் அந்தக் கம்பெனித் தளத்தில் போடலாம், அது எந்த நம்பரையும் ஏற்கும் என்றேன். முருகேசன் வேண்டாமென்று தலையாட்டினார். ஒன்பது நம்பரை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறீர்கள் என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் போய்விட்டது.

அவர் கோபப்படவில்லை. ஸ்வெட்டருக்குள் கைவிட்டு ஒரு பாக்கெட் டைரியை எடுத்து மேஜை மேல் வைத்தார். திறந்தேன். முதல் பக்கத்தில் ரம்யா என்று ஒரு பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த கல்லூரி, பாஸ்வேர்டு, அவளுக்காகக் கொடுத்திருந்த முருகேசனின் சொந்த நம்பர். அதற்குக் கீழே எந்தத் தேதியில் என்ன மெசேஜ் வந்தது, பிள்ளையிடம் என்றைக்குச் சொன்னேன் என்று பொடி எழுத்தில் வரிசையாக இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொரு பிள்ளை, அங்கே செலோ டேப் போட்டு ஒரு சிம்மும் ஒட்டியிருந்தது. அப்படியே எட்டுப் பக்கம், எட்டு சிம். பரீட்சைத் தேதி, உதவித்தொகை, ஹாஸ்டல், ரிசல்ட் என்று மூன்று வருடமும் ஒரு பிள்ளைக்கு வருகிற எல்லாம் அந்த ஒரு நம்பருக்குத்தான் வரும். ஒன்பது பிள்ளைகளின் படிப்பை அந்த மனிதர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். நான் டைரியை மூடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். அந்த எஸ்டேட்டில் எதற்கு நம்பர் கேட்டாலும் ரைட்டர் நம்பரைக் கொடுப்பதுதான் வழக்கம். ரேஷன் கார்டு, கேஸ், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றிலும் நாற்பது குடும்பத்துக்கும் முருகேசன் நம்பர்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ரம்யாவையும் கார்த்தியையும் மனுப் போடக் கூட்டி வந்தபோதும் அதே நம்பரையே இரண்டு பேருக்கும் கொடுத்தார். அரசாங்கத் தளம் ரம்யாவை ஏற்றது, கார்த்தியை ஏற்கவில்லை. கம்பெனித் தளம் ஏற்றது. அதில் சேலம் அரசுக் கல்லூரியின் பெயரும் படமும் இருந்ததால் மனு அங்கே போய்விட்டது என்று நம்பினார்கள். படம் மட்டும்தான் இருந்தது, மனு போகவே இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்று தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ரம்யாவைவிடக் கார்த்திக்கு இருபது மார்க் அதிகம். இப்போது அவன் ஏரி ஓரத்தில் ஒரு ஹோட்டலில் தட்டு எடுக்கிறான்.

கேட்கக் கேட்க எனக்கு என் கண்ணாடிக் கதவு ஸ்டிக்கர்தான் ஞாபகம் வந்தது. ஆனாலும் கேட்டேன்.

"எந்தக் கடையில போட்டீங்க?"

அவர் டைரியை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இங்கதானுங்க. உங்க மேல தப்பில்லீங்க. அதுல நம்பரு ஏறுதுன்னதும், அதுலயே போட்ருங்கன்னு சொன்னது நாந்தானுங்களே."

எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவில்லை. பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிய நூறு பேரில் ஒருவன். இவர் நான்கு வருடமாக இதே கடைக்கு வந்திருக்கிறார், நான் ஏசியதை எல்லாம் கேட்டிருக்கிறார், ஒரு தடவைகூட இதை வாயெடுத்துச் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பாப்பாத்தி பேரில் சிம் வாங்கலாம் என்றான் அன்பழகன். அவள் பத்து விரலையும் மெஷினில் மாற்றி மாற்றி வைத்தாள். மண்வெட்டிப் பிடியிலும் மிளகுக் கொடியிலும் தேய்ந்து போன விரல்கள், ஒன்றிலும் ரேகை விழவில்லை. மோனிஷாவுக்குப் பதினெட்டு ஆக நான்கு மாதம் இருந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தையும் அம்மாவின் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மணி மூன்றே முக்கால் ஆகிவிட்டது.

கடைக்காரி தன் நம்பரை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மூன்று வருடத்துக்கு அவர்கள் தலைவலி நம் தலையில் விழும். இத்தனை வருடம் அதில் நான் கறாராக இருந்தேன். அன்று எழுந்து போய் அன்பழகன் மெஷினில் என் விரலை வைத்தேன். புது சிம்முக்கு டவர் வர ஐந்தே கால் ஆனது. ஓ.டி.பி. வந்தபோது அதை நான்தான் வாசித்தேன். மோனிஷா கணிதத்தை முதல் விருப்பமாக வைத்தாள். ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது மனு போய்ச் சேர்ந்தது. அச்சான தாளை முருகேசன் வரி வரியாக விரல் வைத்துப் படித்து, கல்லூரியின் பெயரை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்.

போகும்போது, சிம்மைக் கொடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். என் பேரில் இருக்கிறது, என்னிடமே இருக்கட்டும் என்றேன். ஒரு நம்பரைப் பார்த்துக்கொள்வது என்ன பெரிய விஷயம் என்கிற எண்ணம்தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது. லோன் வேண்டுமா, பரிசு விழுந்தது, ரீசார்ஜ் முடிகிறது என்று நாளுக்கு முப்பது மெசேஜ் வரும். அதற்குள் அந்தப் பெண்ணின் மெசேஜ் எது என்று தேட வேண்டும். சாப்பிடும்போது ஒருமுறை பார்ப்பேன், பஸ்ஸில் ஒருமுறை பார்ப்பேன். தவறவிட்டுவிடுவேனோ என்று பயமாகவே இருக்கும். ஒரே ஒரு நம்பருக்கு எனக்கு இந்தப் பாடு. ஒன்பது நம்பரோடு, டவர் இல்லாத ஊரில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டே ஒருத்தர் இதைச் செய்கிறார். அதை நினைத்தால் எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை பத்தரைக்கு அந்த மெசேஜ் வந்தது. மோனிஷா தரவரிசையில் பதினாறாவது, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களோடு சேலத்துக்கு வர வேண்டும். கணிதத்துக்கு நாற்பது இடத்துக்கு மேல் உண்டு. சீட் உறுதி. முருகேசனுக்கு ஆறு தடவை போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடையைப் பூட்டினேன். பதினோரு வருடத்தில் பகலில் கடையைப் பூட்டியது அன்றுதான்.

செம்மநத்தம் பஸ்ஸில் போய் எஸ்டேட் கேட்டில் இறங்கி, தூறலில் குடையோடு நடந்தேன். சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே பாதை ஏறிக்கொண்டே போனது. இந்தப் பாதையில் இவர் எத்தனை மெசேஜைச் சுமந்து ஏறியிருப்பார் என்று நினைத்தபோது என் மூச்சிரைப்பைச் சொல்ல வாய் வரவில்லை. குடோன் தெரிந்தது. அதன் மேல்படியில் மட்டும்தான் அங்கே டவர் கிடைக்கும். முருகேசன் அங்கே நின்றிருந்தார், அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். போனைக் கழற்றி ஒரு சிம்மைப் போட்டார், கையை உயர்த்திக் காத்திருந்தார், பார்த்தார், டைரியில் எழுதினார், கழற்றி அதே பக்கத்தில் ஒட்டினார். அடுத்த பக்கம் திருப்பினார். தினமும் இரண்டு தடவை இப்படித்தானாம். நான் கீழேயே நின்று பார்த்தேன். கோயிலில்கூட நான் அவ்வளவு அமைதியாக நின்றதில்லை.

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். எந்தக் காலேஜுங்க என்று மட்டும் கேட்டார். சேலம் அரசுக் கல்லூரி என்றேன். கீழே களை வெட்டுகிற பெண்களுக்குள் பாப்பாத்தி நிற்பது தெரிந்தது. வாங்க, நீங்களே சொல்லுங்கள் என்று கூப்பிட்டேன். அவர் படியை விட்டு இறங்கவில்லை.

"நா ஒம்பது தடவ போய்ச் சொல்லிப் பாத்துட்டனுங்க. அந்தப் பெத்தவிங்க மொகத்தப் பாக்கறது ஒண்ணுதாங்க இதுல நமக்குக் கெடைக்கறது. இது உங்க நம்பருக்கு வந்ததுங்க, நீங்க போய்ப் பாருங்க."

காபிச் செடிகளுக்கு நடுவே சறுக்கிக்கொண்டு இறங்கினேன். பாப்பாத்தியிடம் சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "எம்புள்ள காலேஜுக்குப் போறாளுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போது அவள் முகத்தில் நான் பார்த்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நானும் அழுதேன், அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

திரும்பிப் பார்த்தேன். குடோன் படியில் முருகேசன் அடுத்த சிம்மைப் போட்டுக் கையை உயர்த்தி நின்றுகொண்டிருந்தார்.