உத்தாமணி என்று நான் பிடுங்கிய கொடி

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் பக்கச்சுவர் ஓரமாக என் மனைவி ஒரு கொடியை நட்டிருந்தாள். விவேக் நகரில் அவளுடைய தாய்வீட்டை விற்று, இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கிருந்து ஒடித்துவந்த குச்சி அது. அதை நான் அப்போது அறியவில்லை. கேட்கவும் இல்லை.

ஒரு மழைக்காலக் காலையில் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இதய வடிவ இலைகள், இரண்டிரண்டாக, எதிரெதிராக. உத்தாமணி என்று முடிவு செய்தேன். காலி மனைகளிலும் ரயில்பாதை வேலிகளிலும் தானாகப் படர்கிற களை. இறங்கிப்போய்ப் பிடுங்கினேன். வேர் பாதியில் அறுந்தது. கையெல்லாம் பால். அந்தப் பாலையும் எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். எருக்கு இனத்துக் கொடிகள் பலவற்றிலும் பால் வரும் என்று கல்லூரியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவன் நான்.

குப்பை வண்டி போன பிறகு அவள் வந்து நின்றாள்.

"என்னங்க, சுவத்தோரம் இருந்த கொடி எங்க?"

"அது களை. உத்தாமணி."

"எங்கம்மா வீட்டு கொடிச்சம்பங்கிங்க அது."

"இலையப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"லெக்சரரே சொல்லிட்டா சரிதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை சுவரடியில் ஓர் இலை கிடந்தது. எடுத்துக் கசக்கினேன். உத்தாமணி இலையில் மெல்லிய மயிர் இருக்கும், கசக்கினால் நாறும். இது வழவழவென்று இருந்தது. நாற்றமே இல்லை. தவறு என்று அந்த நிமிடமே தெரிந்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பிறகு சொல்லாமலிருப்பது பழகிவிட்டது.

சில மாதங்களில் விவேக் நகரில் இருக்கும் அவள் தங்கை விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். தனியாக இருப்பவள். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்" என்று என் மனைவி கிளம்பினாள். தங்கை எழுந்து நடமாடத் தொடங்கியும் அவள் திரும்பி வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொடி மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் பல காரியங்களை நான் மாடி ஜன்னலில் நின்றபடியே முடிவு செய்திருக்கிறேன்.

அடுத்த கோடை மழைக்குப் பிறகு அதே இடத்தில் ஒரு தளிர் வந்தது. சணல் கயிறு கட்டினேன். அது கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஏறியது. அந்த வீட்டில் எனக்குப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் இருந்தது. மார்கழிக் குளிரில் இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. செத்துவிட்டது என்று நினைத்துக் கை வைக்கப் போனவன், தண்டை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை. தண்ணீரைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

மழை திரும்பியதும் பூத்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த சின்னப் பூக்கள், கொத்துக் கொத்தாக. பொழுது சாயும்போது வாசனை கூடத்துக்குள் வந்தது. அங்கே நான் மட்டும் இருந்தேன்.

வியாழக்கிழமை, விவேக் நகர் கோயிலில் கூட்டம் நெரியும் நாள். ஈரக் கைக்குட்டையில் ஒரு கொத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இருவரும் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அக்கா, இங்க பாரு! அத்தான் பூவோட வந்திருக்காரு. சொல்ப தள்ளி உக்காருங்க அத்தான், நசுங்கிடப் போவுது" என்றாள் தங்கை. "இது களையில்லையா?"

என் மனைவி கொத்தை வாங்கி முகத்தருகே வைத்து முகர்ந்தாள்.

"அது சம்பங்கின்னு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"கசக்கின இலை உங்க சட்டைப் பையில இருந்துச்சு. துவைக்கறப்போ பாத்தேன். இன்னிக்கு சொல்வீங்க, நாளைக்கு சொல்வீங்கன்னு இருந்தேன்."

தங்கை காப்பி போட எழுந்து போனாள். வீட்டுக்கு வா என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்டேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "மழை விடறதுக்குள்ள ஒரு குச்சி வெட்டிட்டு வாங்க. இங்க வாசல் கேட்டு மேல ஏத்திவிடலாம். அம்மா வீடும் இதே தெருதான."

அவள் இங்கேதான் இருக்கப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன்.

இன்று காலை வெட்டினேன். முற்றியதாகவும் இல்லாமல், இளசாகவும் இல்லாத தண்டு. கணுவுக்குச் சற்றுக் கீழே. ஒன்று பட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு குச்சிகள். பால் நிற்கும்வரை தண்ணீரில் வைத்திருந்து, வெட்டுவாய் காயட்டும் என்று நிழலில் போட்டிருக்கிறேன். வேர் பிடித்ததும் தொட்டியோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.