படுகையில் விளைந்த பரிசுத்த தைலம்

கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்து வடிந்த வருஷம் எங்கள் படுகை நிலம் மணலுக்குள் போய்விட்டது. ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தை எங்கள் பக்கம் படுகை என்பார்கள். வெள்ளத்துக்கு முன்பு அதில் வாழை குலை தள்ளி நின்றது. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தால் வாழையும் இல்லை, வரப்பும் இல்லை. முழங்கால் புதைகிற அளவுக்கு வெள்ளை மணல். கிராம நிர்வாக அலுவலர் வந்து சுற்றிப் பார்த்து, அடங்கல் பதிவேட்டில் மணல் மேவிய நிலம் என்று எழுதிக்கொண்டு போனார். என் கணவர் கரைமேல் நின்று ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டார். பிறகு, "இனிமே இத மறந்துட வேண்டியதுதான்" என்றார்.

எனக்கு மறக்க மனம் வரவில்லை. நான் பெண்கள் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. காலையில் பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூர் போய்ப் பாடம் நடத்திவிட்டு மாலையில் திரும்புகிறவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோவிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் நான்தான் எடுக்கிறேன். அந்த வகுப்பில்தான் இந்தக் கதை தொடங்கியது.

அன்றைய பாடம், வேதாகமத்தின் பழைய பகுதியில் வருகிற அபிஷேகத் தைலம். ஆசாரியர்களின் தலையில் ஊற்றவும் வழிபாட்டுக் கூடாரத்தையும் பலிபீடத்தையும் பூசவும் கடவுளே சொல்லிக்கொடுத்த பக்குவம் அது. என்னென்ன சரக்கு என்பதைப் படித்துக்கொண்டு வந்தபோது ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், இதெல்லாம் இப்ப எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். "தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அடுத்த சனிக்கிழமை தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகக் கேட்டேன். வெள்ளைப்போளம், கருவாப்பட்டை, இலவங்கப்பட்டை, வசம்பு. கடைக்காரர் தலை நிமிராமல் டப்பாக்களைத் திறந்து பொட்டலம் கட்டினார். இயேசுவின் பாதத்தில் ஒரு பெண் விலையுயர்ந்த நளத தைலத்தைப் பூசினாளே, அந்த நளதம் இருக்கிறதா என்றேன். "சடாமாஞ்சில்தானே?" என்று சொல்லி, எலிவால் மாதிரி மயிரடர்ந்த ஒரு வேரை எடுத்து வைத்தார். இமயமலையில் விளைகிற வேர் அது. அந்தக் காலத்திலேயே இங்கிருந்து ஒட்டகத்திலும் கப்பலிலும் ஏறி இயேசு வாழ்ந்த நாட்டுக்குப் போயிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி வைத்தேன். வசம்பைப் பார்த்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். "டீச்சர், இது எங்க பாப்பாவுக்குச் சுட்டு நாக்குல தடவுறது!" வீட்டுக்கு வீடு சாம்பலோடு கிடக்கிற சரக்கு வேதத்தில் இருக்கிறது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தட்டைக் குனிந்து முகர்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனது. எனக்கு அன்று இருந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது.

அன்று சாப்பிடும்போதுதான் என் கணவரிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"ஏங்க, படுகையில வெட்டிவேர் போடலாமா? மணல்லதான் அது நல்லா எறங்கும். வேரும் சுத்தமா வரும்."

"வெட்டிவேர வச்சுக்கிட்டு என்ன பண்றது? பானையில போட்டுத் தண்ணி குடிக்கலாம், அவ்வளவுதான்."

"எண்ணெய் எடுக்கலாம்."

"யாரு எடுப்பா?"

"நான் எடுப்பேன்."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "நாத்துக்குக் கடலூர் பக்கம் போவணும்" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

நட்டோம். முதல் கோடையில் பாதி கருகும் என்று பயந்தேன், கருகவில்லை. அடுத்த மழைக்குள் படுகை முழுக்க இடுப்பளவு தூர் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் பொறுத்திருந்து, நாற்று நடவுக்கு வருகிற பெண்களையே வேர் தோண்டவும் கூப்பிட்டோம். அவர்களுக்குத் தலைவி ஓர் அக்கா. எங்கள் பக்கத்துத் தெருக்காரர், மாரியம்மன் பக்தை, வாய் ஓயாதவர். முதல் தூரைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த வேரைப் பார்த்து, "டீச்சரம்மா, எல்லா வெள்ளாமையும் மண்ணுக்கு மேல காய்க்கும். ஒங்க வெள்ளாமை தல கீழா நிக்குது" என்றார். மணலில் வளர்ந்ததால் ஒரு உதறலில் வேர் பொன்னிறமாக வந்தது. நுனியைக் கிள்ளி எல்லாரும் கையில் தேய்த்துக்கொண்டார்கள்.

காய்ச்சுவதற்குக் கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறை ஒன்றில் சொல்லித் தாமிர அண்டா செய்து வாங்கினோம். அண்டாவுக்குள் நடுவில், ஓட்டை ஓட்டையாகப் போட்ட ஒரு தட்டு. அதற்குக் கீழே தண்ணீர், மேலே நறுக்கி ஊறவைத்த வேர். மூடியிலிருந்து ஆவி ஒரு குழாய் வழியாக வந்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் சுருளாக இறங்கி, மறுமுனையில் சொட்ட வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுகிற அதே காய்ச்சி வடித்தல்தான். இங்கே பனைமட்டையும் தென்னை மட்டையும் வைத்துத் தோட்டத்தில் எரித்தோம்.

காலையில் ஏற்றிய அடுப்பு, பொழுது சாயும் வரை எரிந்தது. குடம் குடமாகத் தண்ணீர் சொட்டியது. எண்ணெய் மட்டும் இல்லை. மேலே மிதக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு படலம்கூட இல்லை. தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். என் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு மீதி மட்டைகளை ஒதுக்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தனை தண்ணீரையும் தூக்கித் தென்னை மரத்தடியில் கொட்டினேன்.

அதன்பின் நல்ல மழை. மழை விட்ட காலையில் கோலம் போட வெளியே வந்தால் தோட்டமே மணக்கிறது. மோந்து பார்த்துக்கொண்டே போனேன். தென்னை மரத்தடியில் போய் நின்றேன். அவ்வளவு மழைக்கும் கரையாமல், போகாமல், மண்ணைக் கிள்ளி எடுத்தால் விரலில் வழுவழுப்பாக ஒட்டிக்கொள்கிறது வாசனை. அந்த இடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எண்ணெய் வந்திருக்கிறது. வெட்டிவேர் எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். மிதக்கவும் தெரியாமல் மூழ்கவும் தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே பரவி நின்றிருக்கிறது. அந்தக் கலங்கல்தான் எண்ணெய். அதைத்தான் நான் மரத்துக்கு ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த முறை காய்ச்சியபோது, கலங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அடுக்களையிலிருந்து கல் உப்பை அள்ளிக்கொண்டு வந்தேன்.

"என்ன, குழம்பா வைக்கப் போற?" என்றார் என் கணவர்.

"பாருங்க. உப்பு கரைஞ்சா தண்ணி கனத்துப் போவும். கனத்த தண்ணி எண்ணெய மேல தள்ளிடும்."

உப்பைக் கரைத்து அசையாமல் வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிந்தது. மேலே தேன் நிறத்தில், தேன் போலவே கெட்டியாக, ஒரு வளையம் கட்டியது. என் கணவர் குடுவைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், தெருவில் போன யாரையோ கூப்பிட்டு, "உள்ள வந்து பாரு, எங்க வீட்டு டீச்சர் மணல்லேருந்து எண்ணெய் எடுத்துருக்கா" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னைப் பற்றித் தெருவில் பேசிக் கேட்டது அன்றுதான்.

நல்ல எண்ணெய்தானா என்று தெரிந்துகொள்ள, ஒரு சின்னச் சீசாவில் ஊற்றித் தஞ்சாவூரில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மணிக்கட்டில் ஒரு துளி தடவி, உடனே முகராமல், வேறு இரண்டு பேருக்கு வியாபாரம் பார்த்துவிட்டு வந்து முகர்ந்தார்.

"இது வடக்கேருந்து வர்ற சரக்காம்மா?"

"இல்ல பாய். கொள்ளிடக் கரை."

மறுபடியும் முகர்ந்தார். "தொழுகைக்குப் போறவங்க கேட்டு வாங்குற வாசன இது. எதையும் கலந்துடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

இந்தச் செய்தி எங்கள் பங்குச் சாமியாருக்கு எட்டியது. இளவயதுக்காரர், எதையும் சட்டென்று கேட்டுவிடுகிறவர். வீட்டுக்கு வந்து சீசாவைத் திறந்து முகர்ந்தவர் கொஞ்ச நேரம் மூடியைத் திருகாமலே வைத்திருந்தார்.

"டீச்சர், புனித வாரத்துல ஆயர் எண்ணெய் அர்ச்சிக்கிற பூசையில ஒலிவ எண்ணெயோட பரிமளத் தைலம் ஒண்ணு கலப்பாரே, அது எங்கேருந்தோ பாட்டில்ல வருது. இத அவர்கிட்ட காட்டட்டுமா?"

ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் உச்சியிலும், வளர்ந்தபின் உறுதிபூசுதல் பெறும் பிள்ளைகளின் நெற்றியிலும், குருப்பட்டம் பெறுகிறவர்களின் உள்ளங்கையிலும் பூசுகிற தைலம் அது. வருஷத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு முந்தின வாரம், எங்கள் மறைமாவட்டத் தலைவரான ஆயர் அதை மந்திரித்துத் தந்தால் எல்லாப் பங்குக் கோவில்களுக்கும் அதுதான் போகும். "காட்டுங்க ஃபாதர்" என்றேன்.

ஆயர் இல்லத்திலிருந்து வரச் சொன்னார்கள். நானும் கணவரும் போனோம். வழிபாட்டுக் காரியங்களைக் கவனிக்கிற மூத்த குருவானவர் ஒருவரும் அங்கே ஆயரோடு இருந்தார். கடிந்து பேசுகிறவர் இல்லை, ஆனால் கறாரானவர்.

"தைலம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா வேதத்துல எங்கயும் வெட்டிவேர் இல்லையே?"

நான் எழுந்து நின்றுவிட்டேன், வகுப்பில் நிற்கிற மாதிரி. "இல்லதான் சாமி. ஆனா நளதம் இருக்குல்ல? அது நம்ம நாட்டு வேரு. இயேசு பாதத்துல பூசுனதே இந்த மண்ணுலேருந்து போன வாசனதான். அந்தப் பொண்ணு தன்கிட்ட இருந்ததுல ஒசந்தத எடுத்துட்டு வந்தா. எங்க படுகையில ஒசந்தது இதுதான். அதான் எடுத்துட்டு வந்தோம்."

ஆயர் சீசாவைக் கையில் எடுத்தார். "சட்டத்துல நறுமணம்னுதான் போட்டுருக்கு சாமி, எந்தச் செடியிலேருந்துன்னு போடல" என்று அந்தக் குருவானவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னிடம், "எண்ணெய் அர்ச்சிக்கிற அன்னிக்கு நீங்களே எடுத்துட்டு வாங்கம்மா" என்றார்.

புனித வாரத்தில் அந்தப் பூசையன்று பேராலயத்தில் நிற்க இடமில்லை. நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டேன். என் கணவர் புது வேட்டி. நடவுப் பெண்களில் பாதிப் பேர் எங்கள் கூடவே வேனில் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நெற்றி நிறையக் குங்குமத்தோடு நடுவில். காணிக்கைப் பவனியில் ஒலிவ எண்ணெய் ஜாடிகள் முன்னால் போக, தைலத்தை நான் ஏந்திக்கொண்டு நடந்தேன். தலை குனிந்து நடக்க வேண்டும் என்று ஒரு சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். என்னால் முடியவில்லை. நிமிர்ந்துதான் நடந்தேன். பக்தி குறைவு என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆயர் தைலத்தை ஒலிவ எண்ணெயில் ஊற்றிக் கலக்கினார். பிறகு அந்தச் சடங்கில் ஓர் இடம் வரும்: பாத்திரத்தின் வாய்க்கு நேரே குனிந்து அவர் தன் மூச்சை ஊத வேண்டும். குனிந்தார், ஊதினார். ஆனால் உடனே நிமிரவில்லை. கண்ணை மூடி ஒரு முறை ஆழமாக இழுத்து முகர்ந்தார். அது சடங்கில் இல்லாதது. என் பக்கத்தில் நின்ற கணவர் என் முழங்கையை லேசாகத் தொட்டார். அதற்குள் வாசனை பீடத்திலிருந்து இறங்கி முன்வரிசைகளைத் தாண்டிப் பின்னால் வரை வந்துவிட்டது. பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல், அவர் மெதுவாகப் பேசுவதாக நினைத்துப் பேசியது, பேராலயம் முழுக்கக் கேட்டது: "நம்மளுதுடி!"

அதற்குப் பிறகு படுகை வேலை ஓயவில்லை. எண்ணெய் பிரித்தபின் மிஞ்சுகிற வாசனைத் தண்ணீரை, படுத்த படுக்கையாக இருக்கிறவர்களைப் பராமரிக்கிற கன்னியர் இல்லத்துக்குக் கேன்களில் அனுப்புகிறோம். அறை துடைக்கிற தண்ணீரில் கலந்தால் மருந்து நெடி அடங்குகிறது, படுத்திருப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று அங்குள்ள சிஸ்டர் சொன்னார். நோயைத் தீர்க்கும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த வேதியியல் அவ்வளவு தூரம் போகாது. எண்ணெயைச் சோப்புப் போடுகிற பெண்கள் குழு ஒன்று வாங்கிக்கொள்கிறது. என் மாணவிகள் ஒவ்வொரு வருஷமும் வந்து காய்ச்சுவதைப் பார்த்துப் போகிறார்கள்.

தைலம் கொடுத்த அந்த முதல் வருஷ ஈஸ்டருக்கு எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். சாமியார் புதுத் தைலத்தில் கட்டைவிரலைத் தோய்த்து உச்சியில் சிலுவை வரைந்தார். தண்ணீர் ஊற்றியபோது வீறிட்டு அழுத குழந்தை அழுகையை நிறுத்தி விழித்துப் பார்த்தது. பூசை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் அதைக் கை மாற்றி மாற்றி வாங்கி, ஒவ்வொருவராகத் தலையை முகர்ந்தார்கள். கடைசியாக என்னிடம் வந்தது. நான் முகர்ந்துவிட்டு, தூரத்தில் நின்ற என் கணவரைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் குழந்தையைத் தூக்கி, மறந்துவிட வேண்டியதுதான் என்று தான் சொன்ன படுகையின் வாசனையை முகர்ந்தார்; திருப்பிக் கொடுக்க வெகு நேரமாயிற்று.