சின்ன இலையில் மூன்று உருண்டை

யுத்த காலத்தில் தருமபுரியில் ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் பாத்திரம் தேய்த்தேன். எச்சில் இலை எடுப்பதும், எடுத்த இடத்தைச் சாணி போட்டு மெழுகுவதும் என் வேலைதான். பந்தியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்வரை நான் உள்ளே தலைகாட்டக் கூடாது. நான் தேய்த்த அண்டாவைத் தண்ணீர் தெளித்துத்தான் சமையற்காரர் உள்ளே எடுத்துக்கொள்வார். அவர் தெளிக்கும் தண்ணீரும் நான் சேந்தியதுதான். இதை ஒருநாள் வாய்விட்டுச் சொல்லி, பொழுது சாயும்வரை திட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் பெங்களூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், நாலு வருஷமாகத் தகவல் இல்லை. அதியமான்கோட்டையில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். செத்துப்போயிருப்பான், தாலியைக் கழற்று என்று பங்காளிகள் நச்சரித்தார்கள். மாமியார் விடவில்லை. உயிரோடு இருந்தால் வந்துவிடுவார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் களி தின்று வளர்ந்தவர். சோற்றையும் களி மாதிரியே உருட்டி, கட்டைவிரலால் குழி அமுக்கி, குழம்பில் தோய்த்து விழுங்குவார். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது வடக்கயிற்றில் சிக்கி அந்த விரலின் நுனி போய்விட்டது. அதனால் அவர் போடும் குழி ஆழமில்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் முதல் பந்தி எழுந்ததும் கூடையோடு போனேன். மூலையில் இரண்டு பெரிய இலைக்கு நடுவில் ஒரு சின்ன இலை. அதில் பிள்ளைக்கு உருட்டிவைத்த மூன்று சோற்றுருண்டை மிச்சம் கிடந்தது. மூன்றிலும் குழி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

இங்கே யார் உட்கார்ந்தது என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன்.

"ஒரு ஆளு, கூட பொஞ்சாதியும் பொட்டப்புள்ளையும். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்குப் போறாங்க" என்றார்.

பெட்ரோல் கிடைக்காத காலம், அது கரி பஸ். அடுப்பை மூட்டி, கரி பிடித்து எரிந்து கிளம்ப வெகுநேரம் ஆகும். தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே புகைந்துகொண்டு நின்றது. நான் போகவில்லை. கையெல்லாம் எச்சில், அடுத்த பந்தி காத்திருக்கிறது என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அதெல்லாம் சாக்கு. அந்தப் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பயந்துவிட்டேன். மூன்று இலையையும் எடுத்துக் கூடையில் போட்டேன். மெழுகி முடிக்கும்போது பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போய் மாமியாரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்காமல் வந்தாயே என்று என்னைத் திட்டுவார், இல்லை மகனைச் சபிப்பார் என்று நினைத்தேன். அவர் முறத்திலிருந்த கேழ்வரகை வெறுமனே கிளறிக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமலே கேட்டார்.

"நல்லாத் தின்னிருந்தானா?"

"அவரு எலையில ஒண்ணும் மீதி இல்லீங்க அத்தை."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த உருண்டைகளைப் பார்த்து அவர்தான் என்று தெரிந்ததும், கூட வந்தது யார், எங்கே போகிறார் என்று கேட்பதற்கெல்லாம் முன்னால், நானும் பக்கத்து இலையைத்தான் பார்த்தேன், மனுஷன் வயிறாரச் சாப்பிட்டாரா என்று.